துணை மாத்திரையும் மறதியும்

மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தாருக்காக நிகழ்த்திய உரை

 

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் 3,000 பேர் வாழும் ஊரில் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேருக்காக மாதாமாதம் பஸ் ஏறி வந்து, வரிசையில் நின்று, சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிப் போகிறவர்கள் நீங்கள். அந்தப் பொட்டலத்தில் இருக்கும் மாத்திரைகளில் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். இந்த உரையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டரிடம் பேசிய பிறகு, அவர் சொல்லும் முறைப்படிதான். இதை நடுவிலும் சொல்வேன், கடைசியிலும் சொல்வேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டார் சொல்லும் குறை

நோயாளியைக் கூட்டிவரும் தாய்மார்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள்: "ஐயா, காதுல குரல் கேக்குதுன்னு சொன்னது நின்னுபோச்சு. சந்தேகப்படறதும் இல்ல. ராத்திரி தூங்கறான். ஆனா கடைக்கு மூணு சாமான் வாங்க அனுப்பினா ஒண்ணை வாங்கிட்டு வர்றான். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கு. படிச்ச புள்ளைங்க, இப்ப பேப்பர்ல நாலு வரி படிச்சா மனசுல நிக்க மாட்டேங்குது."

அப்பா சொல்வது வேறு மாதிரி இருக்கும்: "எல்லாம் சோம்பேறித்தனங்க. வேலைக்குப் போகாம இருக்கறதுக்குச் சாக்கு."

இது சாக்கு இல்லை. மனச்சிதைவு நோய் மூன்று விதமாக மனிதரைத் தாக்குகிறது. முதலாவது, இல்லாத குரல் கேட்பதும் வீண் சந்தேகமும். இரண்டாவது, பேச்சும் ஆர்வமும் குன்றி ஒதுங்கிவிடுவது. மூன்றாவது, கவனம், நினைவாற்றல், வேகமாக யோசிக்கும் திறன் ஆகியவை மங்குவது. முதலாவதைத்தான் மருந்து நன்றாக அடக்குகிறது. மூன்றாவது நம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஆனால் ஒருவர் மறுபடி வேலைக்குப் போவாரா, கணக்குப் பார்ப்பாரா, தையல் கற்றுக்கொள்வாரா என்பதைப் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான் தீர்மானிக்கிறது.

மறதிக்கு நோயே ஒரு காரணம். அதோடு, நாம் கொடுக்கும் ஒரு மாத்திரையும் அந்த மறதியைக் கூட்டக்கூடும். நோயை ஒரே நாளில் மாற்ற நம்மால் முடியாது. மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்க முடியும் அல்லவா?

அந்த மாத்திரை எது?

மனச்சிதைவுக்குத் தரும் மருந்துகளை இரண்டு வகையாகப் பிரித்துக் கொள்ளுங்கள்.

ஒன்று முக்கிய மாத்திரை. நோயை அடக்குவது இதுதான். குளோர்புரோமசின், ஹாலோபெரிடால், டிரைபுளுவோபெரசின், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், குளோசபின் போன்றவை. சிலருக்கு இது மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ ஊசியாகப் போடப்படும்.

மற்றொன்று துணை மாத்திரை. நம் பக்கத்தில் அதிகமாகப் பழக்கத்தில் இருப்பது டிரைஹெக்சிபெனிடில். பேசிடேன் என்ற பெயரில் உங்களில் பலருக்குத் தெரியும். பெரும்பாலும் 2 மில்லிகிராம் மாத்திரையாக வரும். புரோசைக்ளிடின், பென்ஸ்ட்ரோபின், பைபெரிடன் ஆகியவையும் இதே இனம். டாக்டர்கள் இவற்றை ஆன்டிகோலினெர்ஜிக் மருந்துகள் என்பார்கள். அந்த நீளப் பெயர் நமக்கு வேண்டாம். துணை மாத்திரை என்றே சொல்வோம்.

துணை மாத்திரை நோயை அடக்குவதில்லை. முக்கிய மாத்திரையால் வரும் கை நடுக்கத்தையும் உடல் விறைப்பையும் தணிப்பதே அதன் வேலை.

ஏன் கொடுத்தார்கள்?

1952ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து மருத்துவர்கள் குளோர்புரோமசின் மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஆஸ்பத்திரியில் அடைந்து கிடந்தவர்கள் வீடு திரும்ப வழி பிறந்தது அதிலிருந்துதான். ஆனால் கூடவே ஒரு தொல்லையும் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் பலருக்குக் கை நடுங்கியது. நடை குறுகியது. முகம் பொம்மை போல ஆனது. வாயில் எச்சில் வழிந்தது. வயதானவர்களுக்கு வரும் பார்க்கின்சன் நடுக்குவாதம் போலவே இருந்தது.

காரணம் இதுதான். மூளையில் நம் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் இடத்தில் டோபமின், அசிட்டைல்கோலின் என்று இரண்டு இரசாயனப் பொருள்கள் தராசின் இரண்டு தட்டுகளைப் போல இருக்கின்றன. முக்கிய மாத்திரை டோபமினின் வேலையைத் தடுக்கிறது. அந்தத் தட்டு மேலே போக, அசிட்டைல்கோலின் தட்டு கீழே இறங்குகிறது. உடல் விறைக்கிறது. துணை மாத்திரை அசிட்டைல்கோலினையும் கொஞ்சம் தடுக்கிறது. தராசு மறுபடி சமநிலைக்கு வருகிறது. நடுக்குவாதத்துக்கு 1940களின் கடைசியிலேயே வந்துவிட்ட மருந்து ஆகையால், அதையே இவர்களுக்கும் கொடுத்தார்கள்.

அது நன்மை செய்யும் மருந்துதான், சந்தேகம் வேண்டாம். ஹாலோபெரிடால் ஊசி போட்ட ஒன்றிரண்டு நாளில் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். கண்விழி மேலே செருகிக்கொள்ளும். நாக்கு தடித்துப் பேச்சு குழறும். இளவயது ஆண்களுக்கு இது அதிகம். பார்க்கிறவர்கள் பயந்துபோய் விபூதி போடவும் வேப்பிலை அடிக்கவும் ஓடுகிறார்கள். அந்த நேரத்தில் இவ்வகை மருந்தை ஊசியாகப் போட்டால் அரை மணிக்குள் கழுத்து நேராகிவிடும். இப்படிப்பட்ட வேதனையிலிருந்து காப்பாற்றவே டாக்டர் ஆரம்பத்தில் துணை மாத்திரை எழுதுகிறார்.

சிக்கல் எங்கே என்றால், இந்தத் திருகல் பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் சில நாள்களில் வருவது. நடுக்கமும் விறைப்பும் முதல் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் தலைகாட்டுவது. அதற்குப் பிறகு பலருக்கு உடம்பு பழகிவிடுகிறது. முக்கிய மாத்திரையின் அளவையும் நாளடைவில் குறைத்திருப்பார்கள். ஆனால் சீட்டில் ஒருமுறை ஏறிய துணை மாத்திரை அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு மாதமும் பழைய சீட்டைப் பார்த்துப் புதிய சீட்டு எழுதப்படுகிறது. பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஓடிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து பணியாற்றிய மனநல ஆராய்ச்சி மையங்களின் தலைவர்கள் 1990ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் முன்கூட்டியே துணை மாத்திரை கொடுப்பதை வழக்கமாக்க வேண்டாம், நடுக்கமோ விறைப்போ வந்து, வேறு வழிகளால் சரியாகாதபோது கொடுக்கலாம் என்பது அதன் சாரம்.

ஊமத்தை சொல்லும் பாடம்

துணை மாத்திரை நினைவை எப்படிப் பாதிக்கும்? நம் ஊர் வேலியோரத்தில் முளைக்கும் ஊமத்தையை எல்லோருக்கும் தெரியும். ஊமத்தங்காயைத் தெரியாமல் தின்ற பிள்ளைக்கு என்ன ஆகும்? நாக்கு வறளும். கண்மணி விரியும். உடம்பு கொதிக்கும். ஆளைத் தெரியாமல் பிதற்றும். தெளிந்த பிறகு கேட்டால் நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது.

ஊமத்தையில் அட்ரோபின், ஸ்கோபாலமின் என்ற பொருள்கள் இருக்கின்றன. அவை செய்கிற வேலை அசிட்டைல்கோலினைத் தடுப்பது. துணை மாத்திரையும் அதே வேலையைத்தான், டாக்டர் குறித்த சிறிய அளவில், கட்டுப்பாடாகச் செய்கிறது. மாத்திரை சாப்பிடுகிறவர் ஊமத்தை தின்றவர் போல ஆகிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. போகிற பாதை ஒன்று என்கிறேன்.

அசிட்டைல்கோலின் அசைவுக்கு மட்டும் வேண்டிய பொருள் அன்று. புதிதாகக் கேட்டதை மனத்தில் பதியவைப்பதற்கும், ஒரு வேலையில் கவனத்தை நிறுத்துவதற்கும் மூளைக்கு அது தேவை. நடுக்கம் உண்டாகும் இடத்தில் மட்டும் அதைத் தடுத்து, நினைவு பதியும் இடத்தில் விட்டுவிடும்படி மாத்திரைக்குச் சொல்ல முடியாது. மூளை முழுவதும் அது பரவுகிறது. ஆகவே கை நடுக்கம் குறைகிறது, ஞாபகமும் கொஞ்சம் மங்குகிறது.

உடம்பின் மற்ற பாகங்களிலும் அதன் அடையாளம் தெரியும். வாய் வறண்டு பல் சொத்தையாகும். மலச்சிக்கல் வரும். கிட்டே இருக்கும் எழுத்து மங்கலாகத் தெரியும். சிறுநீர் கழிக்கச் சிரமப்படும். நெஞ்சு படபடக்கும். வியர்வை குறைவதால் கத்திரி வெயிலில் உடம்புச் சூடு ஏறிவிடும். வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்கிறவர்களுக்கு இது ஆபத்தானது.

ஆராய்ச்சிகள் சொல்வது

அமெரிக்காவில் மனச்சிதைவு உள்ள 1,120 பேரைச் சோதித்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. அவர்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் எடுத்து, அசிட்டைல்கோலினைத் தடுக்கும் சுமை ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டார்கள். சுமை கூடக் கூட, கவனம், நினைவு, யோசிக்கும் வேகம் ஆகிய சோதனைகளில் அவர்கள் பெற்ற மதிப்பெண் குறைந்தது.

அதே நாட்டில் 2009இல் வந்த வேறோர் ஆய்வில், நினைவாற்றலைக் கூட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் இவ்வகை மருந்தின் சக்தி அதிகமாக இருந்தவர்களுக்குப் பயிற்சியின் பலன் குறைவாகவே கிடைத்தது. நாம் ஒரு பக்கம் தொழிற்பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, மறுபக்கம் தேவையில்லாத துணை மாத்திரையையும் கொடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். நோய் கடுமையாக உள்ளவருக்குத்தானே அதிக மருந்து கொடுப்பார்கள், மறதி நோயால் வந்ததா மருந்தால் வந்ததா என்று எப்படிச் சொல்வது? சரியான கேள்வி. அதற்கு விடை காண, துணை மாத்திரையைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அப்படியும் பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலில் மனச்சிதைவு உள்ள முதியவர்களுக்குப் பைபெரிடனை நிறுத்திச் சோதித்த ஆய்வு 2004இல் வெளியானது. கனடாவில் புறநோயாளிகளுக்குத் துணை மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. இரண்டிலும் நிறுத்திய பிறகு சோதனை மதிப்பெண்கள் கூடின. கனடா ஆய்வில் பெரும்பாலோர் முழுவதுமாக நிறுத்த முடிந்தது. சிலருக்கு மட்டும் நடுக்கம் அல்லது விறைப்பு திரும்பியது.

இந்த நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் சிலரே. ஆகவே அதிசயம் நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நோயால் வந்த மங்கல் அப்படியே இருக்கும். மாத்திரையால் வந்த பங்கு மட்டும் விலகும். சிலருக்கு மாற்றமே தெரியாது. சிலருக்குக் கடைக்குப் போய் மூன்று சாமானில் மூன்றையும் வாங்கிவரும் அளவுக்குத் தெளிவு வரும். உங்கள் வீட்டில் அந்த அளவு மாற்றம் சிறியதா பெரியதா என்பது உங்களுக்கே தெரியும்.

எப்படிக் குறைப்பது?

இதுதான் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி.

முதலாவது, எந்த மாத்திரையைக் குறைக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். மாத்திரையின் நிறத்தையும் உருவத்தையும் நம்பாதீர்கள். கம்பெனி மாறினால் அதுவும் மாறும். அட்டையில் உள்ள பெயரைப் படியுங்கள், அல்லது படிக்கத் தெரிந்தவரைக் கேளுங்கள். துணை மாத்திரை என்று நினைத்து முக்கிய மாத்திரையை நிறுத்திவிட்டால் நோய் திரும்பிவிடும். அதனால் வரும் இழப்பு, மறதியால் வரும் இழப்பைவிடப் பல மடங்கு பெரியது.

இரண்டாவது, கூட்டு மாத்திரையா என்று பாருங்கள். ரிஸ்பெரிடோனும் டிரைஹெக்சிபெனிடிலும் சேர்ந்த ஒரே மாத்திரை கடைகளில் கிடைக்கிறது. மூன்று மருந்து சேர்ந்ததும் உண்டு. சிலவற்றின் பெயருக்குப் பின்னால் "பிளஸ்" என்று இருக்கும். இதைப் பாதியாக உடைத்தால் இரண்டு மருந்தும் பாதியாகும். துணை மருந்தை மட்டும் குறைக்க வேண்டுமானால், டாக்டர் முதலில் தனித்தனி மாத்திரையாக மாற்றி எழுத வேண்டும்.

மூன்றாவது, நேரம் பார்க்க வேண்டும். நோய் அண்மையில் கிளம்பி அடங்கியிருந்தாலோ, முக்கிய மாத்திரையின் அளவை இப்போதுதான் மாற்றியிருந்தாலோ பொறுத்திருப்பது நல்லது. வீட்டில் கல்யாணம், வீடு மாற்றம், துக்கம் இருக்கும் மாதத்திலும் வேண்டாம். முன்பு கழுத்துத் திருகல் கடுமையாக வந்தவர் என்றால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நான்காவது, மெதுவாக இறங்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு நாளில் மூன்று வேளை 2 மில்லிகிராம் சாப்பிடுகிறவர் என்றால், டாக்டர் முதலில் ஒரு வேளையை நீக்கிவிட்டு இரண்டு முதல் நான்கு வாரம் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த வேளையை நீக்குவார். பிறகு கடைசி வேளையை. இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அவசரம் ஒன்றும் இல்லை.

திடீரென்று நிறுத்தினால் என்ன? இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த மதகை ஒரே மூச்சில் திறந்தது போல ஆகும். குமட்டல், வயிற்றுப்போக்கு, வியர்வை, தூக்கமின்மை, கெட்ட கனவு, படபடப்பு எல்லாம் சேர்ந்து வரும். பார்க்கிற வீட்டார் "ஐயோ, நோய் திரும்பிடுச்சு" என்று கலங்கிப் போவார்கள். மெதுவாகக் குறைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது, வந்தாலும் லேசாக வந்து சில நாளில் அடங்கும்.

குறைத்த பிறகு விறைப்போ நடுக்கமோ திரும்பினால் டாக்டரிடம் மூன்று வழிகள் இருக்கின்றன. முக்கிய மாத்திரையின் அளவைக் குறைக்கலாம். விறைப்புக் குறைவாக உண்டாக்கும் வேறு முக்கிய மாத்திரைக்கு மாற்றலாம். அல்லது துணை மாத்திரையையே குறைந்த அளவில் தொடரலாம். மறுபடி தொடர வேண்டி வந்தால் மனம் தளர வேண்டாம். மூன்று மாத்திரை ஒன்றாகக் குறைந்திருந்தால் அதுவே லாபம்.

உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியவை சில உண்டு. கழுத்தோ தாடையோ திருகிக்கொள்வது, கண்விழி செருகுவது, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்படுவது ஆகியவை. கடுமையான காய்ச்சலோடு உடம்பு விறைத்து, நினைவு தடுமாறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

மறைந்திருக்கும் மற்ற மருந்துகள்

அசிட்டைல்கோலினைத் தடுப்பது துணை மாத்திரை மட்டும் இல்லை. முக்கிய மாத்திரைகளிலேயே குளோர்புரோமசின், குளோசபின், ஒலான்சபின் ஆகியவற்றுக்கும் அந்தக் குணம் உண்டு. மனச்சோர்வுக்கும் தலைவலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், தூக்கத்துக்கும் அரிப்புக்கும் தரும் புரோமெத்தசின், வயிற்றுவலிக்குத் தரும் டைசைக்ளோமின், சளிக்கும் தும்மலுக்கும் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் ஆகியவையும் இதே கூட்டம்தான். ஒவ்வொன்றும் கொஞ்சம். எல்லாம் ஒரே ஆளின் வயிற்றில் சேர்ந்தால் சுமை. ஆகவே வேறு டாக்டரிடம் போனாலும், மருந்துக் கடையில் வாங்கினாலும், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மனநல டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

மாற்றம் வந்ததா என்று நினைவிலிருந்து சொல்வது கடினம். அதனால் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். குறைக்கத் தொடங்கும் முன்பே இரண்டு வாரம் எழுதுங்கள். வாரம் ஒருமுறை ஐந்து விஷயம் போதும். சொன்ன வேலையை எத்தனை தடவை நினைவூட்ட வேண்டியிருந்தது? கடைக்கணக்கும் மீதிச் சில்லறையும் சரியாக இருந்ததா? கையில் நடுக்கம் உண்டா? தேநீர்க் குவளையைப் பிடிக்கச் சொன்னால் தெரியும். நடையில் விறைப்பு உண்டா? தூக்கமும் மலமும் எப்படி? இந்த நோட்டைப் பார்த்தால் டாக்டருக்கு ஐந்து நிமிஷத்தில் நிலைமை விளங்கிவிடும்.

நோட்டு எழுதுவது அவருக்குத் தெரிந்தே நடக்கட்டும். முடிந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள். "உனக்குப் பரீட்சை வைக்கறோம்" என்ற எண்ணம் வரக்கூடாது.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

"பதினஞ்சு வருசமா சாப்பிடறாரு. இனிமே நிறுத்த முடியுமாங்க?"

பல வருடம் சாப்பிட்டவர்களுக்கும் குறைத்துப் பார்க்க முடியும். இன்னும் மெதுவாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். வயது ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் குழப்பமும் மறதியும் சிறுநீர்த் தடையும் எளிதில் வருவதால், அவர்களுக்கு இதைப் பற்றிக் கேட்பது இன்னும் அவசியம்.

"துணை மாத்திரையை நிறுத்தினா சந்தேக நோய் திரும்பிடாதா?"

நோயை அடக்குவது முக்கிய மாத்திரை. அதைத் தவறாமல் கொடுத்துவந்தால், துணை மாத்திரையை நிதானமாகக் குறைப்பதால் மட்டும் நோய் திரும்புவது வழக்கம் இல்லை. ஆனாலும் குரல் கேட்பது, சந்தேகம், தூக்கம் கெடுவது போன்ற பழைய அடையாளங்கள் தெரிந்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் வந்து காட்டுங்கள்.

"இதைப் போட்டாத்தான் தெம்பா இருக்குன்னு அடம் பிடிக்கறாங்க."

துணை மாத்திரை சிலருக்கு ஒருவித உற்சாகத்தைத் தரும். அதனால் கூடுதலாகக் கேட்பவர்களும், கடையில் தனியாக வாங்குபவர்களும் உண்டு. திட்ட வேண்டாம். மாத்திரையை வீட்டார் பொறுப்பில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளுக்கும் எட்டாத இடமாக அது இருக்கட்டும்.

"வாய் சும்மா அசை போட்டுக்கிட்டே இருக்கு. அதுக்குத்தானே இந்த மாத்திரை?"

இல்லை அம்மா. பல வருடம் மருந்து சாப்பிட்ட பிறகு வரும் இந்த வாய் அசைவு வேறு வகை. துணை மாத்திரை அதைக் குறைக்காது, சில சமயம் கூட்டவும் கூட்டும். இதை டாக்டரிடம் தனியாகக் காட்ட வேண்டும்.

"பெரிய டாக்டர்கிட்ட நாங்க எப்படிங்க கேக்கறது? கோவிச்சுக்குவாரே."

கோபிக்க மாட்டார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையைப் பற்றியும் மருந்தின் பக்க விளைவுகளைப் பற்றியும் தெரிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்குத் தந்திருக்கிறது. இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், நடுக்கத்துக்குக் கொடுத்த இந்த மாத்திரை இன்னும் தேவைப்படுதா? மறதி ஜாஸ்தியா இருக்கு. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைச்சுப் பார்க்கலாமா?" இந்த மூன்று வாக்கியம் போதும். சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போனாலும் சரிதான்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டரைப் பார்க்க அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். வீட்டிலிருந்தே ஆலோசனை கேட்க, டெலி-மானஸ் என்ற இலவசத் தொலைபேசிச் சேவை 2022 முதல் நடக்கிறது. எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் நாம் செய்யக் கூடியது

மாத்திரை குறைந்தாலும் குறையாவிட்டாலும் மறதியோடு வாழ உதவி செய்ய முடியும். ஒரே மூச்சில் நாலு வேலை சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கடைக்கு அனுப்பும்போது துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். சாவி, கண்ணாடி, மருந்து எல்லாவற்றுக்கும் ஒரே இடம் வையுங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, கோலம் போடுவது, கணக்கு எழுதுவது என்று தினமும் ஒரே நேரத்தில் செய்யும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். செய்து முடித்தால் நல்ல வார்த்தை ஒன்று சொல்லுங்கள்.

மந்தபுத்தி, சோம்பேறி என்ற சொற்களை வீட்டிலிருந்து வெளியே போடுங்கள். ஞாபகம் மங்கலாக இருக்கும் ஒருவருக்குச் சொன்ன வேலை மறந்துபோகும், ஆனால் பட்ட அவமானம் மறக்காது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. முக்கிய மாத்திரை நோயை அடக்குகிறது. அதை ஒருநாளும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2. துணை மாத்திரை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் உரியது. பலருக்கு அது சில மாதங்களுக்கே தேவைப்படும்.

3. பல வருடம் தொடர்ந்தால் மறதி, வாய் வறட்சி, மலச்சிக்கல், பார்வை மங்கல் வரக்கூடும்.

4. குறைப்பதானால் டாக்டர் சொல்லும் முறைப்படி, வாரக்கணக்கில், படிப்படியாக.

5. கூட்டு மாத்திரையை உடைத்துக் குறைக்காதீர்கள்.

6. நோட்டில் எழுதுங்கள். எல்லா மாத்திரையையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

7. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது, "இந்த மாத்திரை இன்னும் தேவையா?" என்று கேளுங்கள்.

அடுத்த மாதம் மருந்து வாங்க வரும்போது அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்துவிட்டு வாருங்கள். மற்றதை டாக்டரோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.